நட்பின் விலை

ஹிந்திப் படங்களில் கதாநாயகனுக்கு உயிர்த் தோழனாகப் பிறப்பதைப் போல ஆபத்தான ஜன்மம் வேறில்லை. வில்லனாகப் பிறந்தால்கூடக் கடைசி ரீல் வரையில் சௌக்கியமாகக் காலம் தள்ளலாம்; மனம் திருந்திப் பிழைத்துக்கொண்ட வில்லன்களும் உண்டு. தோழனுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது அவன் நாயகனின் தோளில் கை போட்டுக்கொண்டு வாய் விட்டுச் சிரித்தானானால், கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கேயோ ஒரு துப்பாக்கிக் குண்டு அவனைத் தேடிப் புறப்பட்டுவிட்டது என்று தெரிந்துபோகிறது.

பரிகாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது தொழிலைச் சேர்ந்த விஷயம். கதையிலே நட்பை எப்படி நிரூபிப்பது? காதலை நிரூபிக்கக் கல்யாணம் இருக்கிறது. தாயின் பாசத்தைக் காட்ட, அவள் பட்டினி கிடந்து பிள்ளைக்குச் சோறு போடுவது இருக்கிறது. நட்புக்கு அப்படி ஒரு சடங்கும் ஏற்படவில்லை. தாலி இல்லை, பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. ஆகையால் ஹிந்திப் பட உலகம் வெகு காலம் ஒரே ஒரு சாட்சியத்தைத்தான் பெரிதாக மதித்து வந்தது: நண்பனுக்காக எதையாவது இழக்க வேண்டும், கூடுமானால் பிராணனையே இழக்க வேண்டும். 2001-ல் வெளியான 'தில் சாஹ்தா ஹை' என்ற படம் இந்தச் சாட்சியம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தது. அது எப்படி நேர்ந்தது, அந்தப் படம் சொன்ன சொல்லைக் கடைசி வரையில் காப்பாற்றியதா என்பதே இங்கே நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் பழைய கணக்கைப் பார்த்துவிடலாம். 1964-ல், ஒரே வருஷத்தில், நட்பைப் பற்றி இரண்டு பெரிய படங்கள் வந்தன. ஒன்று ராஜ் கபூரின் 'சங்கம்'. சுந்தர், கோபால் என்று இரண்டு சிநேகிதர்கள், இடையிலே ராதா. ராதாவாக நடித்தவர் நம் வைஜயந்திமாலா. அவள் மனம் கோபாலிடம் இருக்கிறது. ஆனால் சுந்தர் அவளை விரும்புகிறான் என்பதற்காகக் கோபால் விலகிக்கொள்கிறான். விலகியும் தீரவில்லை; கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிறான். ஐரோப்பாவெல்லாம் சுற்றி வண்ணத்தில் எடுத்த படம். இரண்டு இடைவேளை விட்டுக் காட்டும் அளவுக்கு நீளம். அத்தனை நீளத்திலும், "உனக்கு யார் வேண்டும்?" என்று ராதாவைக் கேட்டுவிட்டு நடக்க இரண்டு சிநேகிதர்களுக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

மற்றொன்று 'தோஸ்தி'. ராஜ்ஸ்ரீ நிறுவனம் தயாரித்தது. சத்யேன் போஸ் டைரக்ட் செய்தார். பெரிய நட்சத்திரங்கள் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம். கால் ஊனமுற்ற பையன் ஒருவன், கண் தெரியாத பையன் ஒருவன். நகரத்துத் தெருக்களில் ஒருவன் வாத்தியம் வாசிக்க, ஒருவன் பாடிப் பிழைக்கிறார்கள். ஒருவன் படிப்பதற்காக மற்றவன் தன்னை வருத்திக்கொள்கிறான். இங்கே நண்பர்கள் சாகவில்லை. ஆனால் கஷ்டமே நட்பின் இலட்சணம். அந்த வருஷத்துச் சிறந்த படத்துக்கான ஃபிலிம்ஃபேர் பரிசு, 'சங்க'த்தின் ஆடம்பரத்தை ஒதுக்கிவிட்டு இந்த ஏழைப் பையன்களுக்குப் போயிற்று.

1971-ல் ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'ஆனந்த்' வந்தது. அதில் சாகப் போகிறவன் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுச் செத்துப் போகிறான். உயிரோடு மிஞ்சுகிற டாக்டர் சிநேகிதனுக்குத்தான் அழ நேருகிறது. அதே முகர்ஜி 1973-ல் எடுத்த 'நமக் ஹராம்' படத்தில், முதலாளி வீட்டுப் பிள்ளைக்காக ஏழைச் சிநேகிதன் தொழிலாளியாக வேஷமிட்டு ஆலைக்குள் போகிறான். போனவன் தொழிலாளிகளின் கஷ்டத்தைக் கண்டு அவர்கள் பக்கமே சேர்ந்துவிடுகிறான், உயிரையும் விடுகிறான். பிறகு 1975 ஆகஸ்டு 15-ந் தேதி, 'ஷோலே'. ஜெய், வீரு என்ற இரண்டு போக்கிரிகளை வட இந்தியாவில் தெரியாதவர்கள் இல்லை. ஆபத்து வரும்போதெல்லாம் ஜெய் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டுத் தீர்மானம் செய்கிறான். கடைசியில் அவன் செத்த பிறகு, அந்த நாணயத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே முத்திரை என்பதை வீரு கண்டுகொள்கிறான். எப்போதும் ஆபத்தைத் தன் பங்காக்கிக்கொள்வது என்று ஜெய் முன்கூட்டியே முடிவு செய்திருந்தான். நட்புக்குச் சாட்சியாக ஹிந்தி சினிமா கண்டுபிடித்தவற்றுள் அந்த நாணயத்துக்கு ஈடானது இன்னொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இவற்றையெல்லாம் நான் குறைவாக மதிப்பவன் அல்ல. ஆனால் எழுதுகிறவர்களுக்குள்ளே ஒரு ரகசியம் உண்டு. ஒரு பாத்திரத்தைக் கொல்வது மிகவும் சுலபம். இரண்டு பேருக்குள் உண்டான சிக்கல் அவிழவில்லை என்றால், ஒருவனைத் தீர்த்துவிட்டால் போதும், சிக்கலும் தீர்ந்துவிடும். செத்தவன் தியாகியாகிறான், இருப்பவன் அழுகிறான், வாசகரும் கைக்குட்டையை எடுத்துக்கொள்கிறார். உண்மையில் கடினமான காரியம், இரண்டு பேரையும் உயிரோடு வைத்துக்கொண்டு, சண்டை போட வைத்து, மறுபடி ஒரே மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்கார வைப்பது.

அதற்கு ஒரு முயற்சி 1981-லேயே நடந்தது. ஸாயி பராஞ்ஜ்பே என்ற பெண்மணி டைரக்ட் செய்த 'சஷ்மே பத்தூர்' படத்தில், தில்லியில் ஒரே அறையில் குடியிருக்கும் மூன்று வாலிபர்கள் வருகிறார்கள். இருவர் பொறாமையால் பொய் சொல்லி மூன்றாமவனின் காதலைக் கெடுக்கிறார்கள். பிறகு பயந்துபோய்ச் சரி செய்கிறார்கள். சிரிப்பும் வெகுளித்தனமுமாகக் கதை முடிகிறது. ஆனால் அந்த வழியில் பின்னால் அதிகம் பேர் நடக்கவில்லை. 1989-ல் 'தோஸ்தி'யை எடுத்த அதே ராஜ்ஸ்ரீ நிறுவனத்தார் 'மைனே ப்யார் கியா' என்ற படத்தை வெளியிட்டார்கள். நண்பர்களுக்குள் மன்னிப்புக் கேட்பதும் கூடாது, நன்றி சொல்வதும் கூடாது என்று அந்தப் படம் ஒரு சட்டம் இயற்றியது. வாலிபர்களுக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப் போயிற்று. யாருக்குத்தான் பிடிக்காது? மன்னிப்புக் கேட்பதிலிருந்து விடுதலை என்றால் சும்மாவா?

இனி 2001-க்கு வருவோம். 'தில் சாஹ்தா ஹை' என்றால் 'நெஞ்சம் விரும்புகிறது' என்று பொருள் சொல்லலாம். எழுதி டைரக்ட் செய்தவர் ஃபர்ஹான் அக்தர். அப்போது வயது இருபத்தேழு. அதுவே முதல் படம். அவருடைய தாயார் ஹனி இரானி, திரைக்கதை எழுதுகிறவர். தகப்பனார் ஜாவேத் அக்தர், கவிஞர். இந்தப் படத்துக்குப் பாட்டு எழுதியவரும் அவர்தான். ஆனால் ஜாவேத் அக்தருக்கு வேறொரு கியாதியும் உண்டு. சலீம் கானோடு சேர்ந்து 'ஷோலே'யை எழுதியவர் அவர். ஜெய்யின் நாணயத்தை அச்சடித்த இருவரில் ஒருவர். அவர் பிள்ளை இருபத்தாறு வருஷம் கழித்து, நண்பன் சாக வேண்டியதில்லை என்று ஒரு கதை எழுதினான் என்பதை நினைக்கும்போது எனக்கு விசேஷமான சந்தோஷம் உண்டாகிறது. தகப்பனோடு விவாதம் செய்வதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது.

கதை மும்பையில் நடக்கிறது. ஆகாஷ், சமீர், சித்தார்த் மூவரும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆமிர்கான் நடித்த ஆகாஷ் எதையும் கேலி செய்கிறவன். காதல் என்ற வஸ்துவே கிடையாது என்று சத்தியம் செய்கிறவன். சைஃப் அலி கானின் சமீர், பார்க்கிற பெண்ணையெல்லாம் காதலிக்கிறவன். அக்ஷய் கன்னாவின் சித்தார்த் ஓவியம் வரைகிறவன், அதிகம் பேசாதவன். மூவரும் கோவாவுக்குப் போகிறார்கள். சபோரா கோட்டையின் இடிந்த மதில்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி, இப்படியே என்றும் சேர்ந்திருப்போமா என்று பேசிக்கொள்கிறார்கள். கவலையற்ற வாலிபத்தில் வருகிற முதல் கவலை அதுதான். இன்று கோவாவுக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டையை இந்தப் படத்தின் பெயரைச் சொல்லியே விசாரிக்கிறார்கள் என்றால், அந்தச் சிறு காட்சி எத்தனை பேர் மனத்தைத் தொட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சித்தார்த்தின் வீட்டுக்கு அருகே தாரா என்ற பெண்மணி குடிவருகிறாள். அவனைவிட வயதில் மூத்தவள், விவாகரத்து ஆனவள், பெற்ற மகளைப் பார்க்க அனுமதி கிடைக்காதவள், குடிப்பழக்கமும் உண்டு. அவனுடைய படங்களை உண்மையாகப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் தன் மனம் போய்விட்டதை அவன் சிநேகிதர்களிடம் சொல்கிறான். ஆகாஷ் வழக்கம்போலக் கேலி செய்கிறான். ஆனால் இந்தத் தடவை சொன்னது கொச்சையான வார்த்தை. சித்தார்த் அவன் கன்னத்தில் அறைந்துவிடுகிறான்.

துப்பாக்கி இல்லை, பாலத்தின்மேல் போர் இல்லை. ஒரு வார்த்தை, ஓர் அறை, அவ்வளவே. ஆகாஷ் தகப்பனாரின் வியாபாரத்தைக் கவனிக்க சிட்னிக்குப் போய்விடுகிறான். சித்தார்த்தும் மனக்கசப்போடு கசௌலி மலைக்குப் போகிறான். சமீர் மட்டும் நடுவில் நிற்கிறான். பிறகு வருவது மௌனம். கடிதம் இல்லை, டெலிபோன் இல்லை. நம்மில் பலருடைய சிநேகிதங்கள் முறிந்த வகை இதுவல்லவா? யாரும் யாருக்காகவும் குண்டடி பட்டதில்லை. வேடிக்கையாகச் சொன்ன ஒரு பேச்சு தவறான இடத்தில் பட்டது, மறுநாள் பேசிவிடலாம் என்று இருந்தோம், மறுநாள் வருஷமாயிற்று. இத்தகைய சிநேகபங்கத்தை ஹிந்திப் படம் ஒன்று இவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொன்னதில்லை.

முடிவில் ஆகாஷ் திரும்பி வந்து சித்தார்த்திடம் மன்னிப்புக் கேட்கிறான். 1989-ல் இயற்றிய சட்டம் அந்த இடத்தில் ரத்தாகிறது. சிட்னியில் தனியாக இருந்தபோது ஷாலினி என்ற பெண்ணின்மீது காதல் வந்து, பிரிவின் வேதனையை அனுபவித்த பிறகுதான், தான் எதைக் கேலி செய்தோம் என்பது அவனுக்கு விளங்குகிறது. உயிரைக் கொடுக்க ஒரு கணத்து ஆவேசம் போதும். மன்னிப்புக் கேட்கவோ, தன் குணத்தையே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனாலேதான் அது விலை உயர்ந்தது.

இப்படி ஒரு படம் அந்தக் காலத்தில் ஏன் சாத்தியமாயிற்று என்பதற்கும் காரணங்கள் உண்டு. 1991-ல் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. நகரத்து மத்தியதர வாலிபர்களின் கையிலே பணமும் அந்நிய நாட்டு யோசனையும் புகுந்தன. 1997-ல் தில்லி ஸாகேத்தில் 'பி.வி.ஆர். அனுபம்' என்ற பெயரில் ஒரே கட்டடத்தில் நான்கு திரைகள் கொண்ட கொட்டகை திறந்தது. ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் திருப்தி செய்தாக வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. இருநூறு பேருக்குப் பிடித்த படத்தையும் ஓட்டலாம். 1998-ல் மத்திய சர்க்கார் சினிமாவை ஒரு தொழிலாக அங்கீகரித்தது. படமும் நகரங்களில் நன்றாக ஓடிற்று. கிராமப்புறங்களில் அவ்வளவு ஓடவில்லை. சிறந்த ஹிந்திப் படம் என்ற தேசிய விருது கிடைத்தது. அக்ஷய் கன்னாவுக்கு ஃபிலிம்ஃபேர் பரிசும் வந்தது.

இன்னொரு காரணம் காது சம்பந்தப்பட்டது. ஹிந்திப் படங்களில் நடிகர்கள் பின்னால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து தங்கள் பேச்சைத் திரும்பப் பேசிச் சேர்ப்பதே வழக்கமாக இருந்தது. அதே 2001-ல் வந்த 'லகான்' படமும் இந்தப் படமும் படப்பிடிப்பின்போதே ஒலியைப் பதிவு செய்தன. இரண்டுக்கும் அந்த வேலையைச் செய்தவர் நகுல் காம்தே. நட்பைப் பற்றிய படத்துக்கு இது அற்ப விஷயமல்ல. சிநேகிதர்கள் ஒருவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்களா? பேச்சின் நடுவே சிரிப்பதும் குறுக்கே விழுவதும்தானே சிநேகிதம்!

நம் ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒளிப்பதிவு செய்தவர் ரவி கே. சந்திரன், முந்திய வருஷம் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தை எடுத்தவர். எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத், 'அலைபாயுதே' படத்தைக் கத்தரித்தவர். இசை அமைத்த மூவரில் சங்கர் மகாதேவன் ஒருவர். சித்தார்த்தின் அமைதியான பாட்டைப் பாடியவர், தமிழ்ப் பாட்டு ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஸ்ரீநிவாஸ். சத்தம் போடாமல் படமெடுக்கும் கலையைச் சென்னையிலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள் என்று பெருமைப்பட்டால் தவறில்லை.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். முதல் ஆட்சேபம், இந்தப் படத்தில் யாருக்கும் பணக் கஷ்டம் இல்லை என்பது. வாஸ்தவம். 'தோஸ்தி'யின் பையன்கள் வயிற்றுக்காகத் தெருவில் பாடினார்கள். 'நமக் ஹராம்' ஆலைக்குள் போய்ப் பார்த்தது. 'தில் சாஹ்தா ஹை'யில் கார் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, விமான டிக்கெட் இருக்கிறது. கூலிக்காரன் ஒருவனும் கதைக்குள் வருவதில்லை. ஏழைகளைத் திரையிலிருந்து அப்புறப்படுத்திய வழக்கத்தில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு என்று ஒருவர் சொன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒன்று: பசியையும் பகையையும் நீக்கிவிட்ட பிறகு, பழியைப் போட வேறு ஆள் கிடைப்பதில்லை. மனிதனுடைய குணம் ஒன்றே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. அந்தச் சோதனைக்கு இந்தப் படம் பயப்படவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் என்னுடையது. எனக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. நண்பன் சாகவில்லை, சரி. ஆனால் தாரா சாகிறாள். குடியினால் ஈரல் கெட்டு, அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் பிரிந்த நண்பர்கள் சேருகிறார்கள். அவள் போன பிறகு மறுபடியும் கோவா, மறுபடியும் கடல். சித்தார்த்தின் பார்வைக்கு எதிரே அவன் வயதுக்கு ஏற்ற ஒரு புதிய பெண். தாரா பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சித்தார்த்தின் தாயார் என்ன சொல்லியிருப்பாள்? ஆகாஷ் அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்திருப்பானா? மன்னிப்புக்கு உண்மையான பரீட்சை அங்கேதான் இருந்தது. கெட்டிக்கார இளைஞரான கதாசிரியர் அந்தப் பரீட்சை வருவதற்கு முன்பே பழைய கத்தியை எடுத்துவிட்டார். இன்னொரு பாட்டில் பழைய ஹிந்திப் படங்களின் பாணிகளை வரிசையாகக் கேலி செய்தவர், இங்கே பழைய படத்தின் வழக்கத்துக்குத் தாமே உட்பட்டுப் போனார்.

தாராவாக நடித்தவர் டிம்பிள் கபாடியா. 1973-ல் 'பாபி' படத்தில் பதினாறு வயதுக் காதலியாக அவரை அறிமுகப்படுத்தியவர் ராஜ் கபூர். 'சங்கம்' எடுத்த அதே ராஜ் கபூர். 1964-ல் இரண்டு சிநேகிதர்களின் நட்புக்கு ராதா விலை கொடுத்தாள். 2001-ல் மூன்று சிநேகிதர்களின் நட்புக்குத் தாரா விலை கொடுத்தாள். இடையில் முப்பத்தேழு வருஷங்களில், ஆண்கள் சாக வேண்டிய அவசியம் நீங்கிவிட்டது. விலையின் அளவு மாறவில்லை. பில் மட்டும் வேறு ஒருவர் பெயருக்குப் போயிற்று.

மிச்சக் கணக்கும் அந்த வீட்டிலேயேதான் தீர்ந்தது. 2011-ல் ஃபர்ஹானின் அக்காள் ஜோயா அக்தர் 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' என்ற படத்தை டைரக்ட் செய்தார். அதிலும் மூன்று சிநேகிதர்கள். கோவாவுக்குப் பதில் ஸ்பெயின் தேசம். ஒருவன் மற்றவனுடைய காதலியின் விஷயத்தில் துரோகம் செய்திருக்கிறான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் துரோகியாக நடித்தவர் ஃபர்ஹானே. பேச்சோடு பேச்சாக அவன் முதலில் கேட்கும் மன்னிப்பு ஏற்கப்படவில்லை. மனத்திலிருந்து வந்த பிறகுதான் ஏற்கப்பட்டது. அந்தப் பயணத்தில் நண்பனும் சாகவில்லை, பெண்ணும் சாகவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே கணக்கு நேராயிற்று.

அதைப் பார்த்து நான் அழவில்லை. 'ஷோலே'யின் நாணயத்துக்கு அழுதவன், இதற்கு அழவில்லை. மன்னிப்புக் கேட்பதைப் பார்த்து யாரும் அழுவதில்லை. கொஞ்சம் சங்கடப்படுகிறோம், அவ்வளவுதான். யாருக்கோ நாம் எழுத வேண்டிய கடிதம் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.